ராணி ரூபாயும் ஓசி பாரும்

பாட்டியின் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், மஞ்சள் துணியில் முடிந்து, ஐந்து வெள்ளி ரூபாய் இருந்தது. ராணி ரூபாய் என்று எப்போதாவது காட்டுவாள், கையில் தரமாட்டாள். நான்கில் விக்டோரியாவுக்கு 'எம்பிரஸ்' என்ற பட்டம் இருந்தது. ஒன்றில் மட்டும் வெறும் 'குயின்'. பின்பக்கம் பூக்கொடிக்குள் 1876. மூக்கெல்லாம் தேய்ந்து முகம் மழுங்கிப்போன அந்தக் காசு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அதனால் எனக்கு வந்தது. மற்ற நாலும் அத்தை மகளின் பிள்ளைக்கு அரைஞாணாகிவிட்டன. வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. வெள்ளிக்காசு என்பதே என்றைக்காவது உருக்குவதற்குத்தானே.

என் காசை ஆசாரியிடம் கொடுத்து எடை பார்த்தேன். 11.4 கிராம். அச்சாகி வந்தபோது 11.66 இருந்திருக்கும், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. கால் கிராமை யார் யார் விரல்களோ எடுத்துக்கொண்டுவிட்டன.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு வேலை நிமித்தம் கொல்கத்தாவில் இரண்டு வருஷம் இருந்தேன். அலுவலகத்தில் ஒரு மூத்த நண்பர், கால்பந்துப் பைத்தியம். ஒரு நாள் மைதானத்தின் ஓரத்தில் மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தக் காசைப் பற்றிப் பேச்சு வந்தது. "இதே மாதிரி 270 ரூபாயை உருக்கிக் கோப்பை செய்தார்கள், தெரியுமா? கிளப்பை மூடிவிட்டு!" என்றார். அப்படித்தான் எனக்கு அந்த கிளப் அறிமுகமானது.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஒரு ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் இருபது பேர். எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து இருபது. ஆட்டம் ரக்பி, ஆனால் அன்றைக்கு அதற்கும் ஃபுட்பால் என்றுதான் பேர். உருண்டைப் பந்துக்காரர்களும் முட்டைப் பந்துக்காரர்களும் ஒரே சொல்லுக்குச் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்த காலம். ஆடியவர்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், ஒரு வாரத்தில் மறுபடி ஆடினார்கள். அடுத்த மாதம், 1873 ஜனவரியில், கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது. முதல் பருவத்திலேயே 137 பேர் சேர்ந்தார்கள். மறு வருஷம் லண்டனில் இருந்த ரக்பி ஃபுட்பால் யூனியனிலும் இடம் கிடைத்தது.

வியாபாரிகள், அதிகாரிகள், ராணுவத்தார் என்று சேர்ந்த கூட்டம். ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, வியர்த்து ஊற்றும் ஊரில், சேற்றில் புரளும் ஆட்டத்தை விடாமல் ஆடியிருக்கிறார்கள். இறுகிய தரையில் ரக்பி ஆடினால் முட்டியில் தோல் மிஞ்சாது. ஆட்கள் ஏன் வந்தார்கள்? ஆட்டத்துக்காகவும் வந்திருப்பார்கள். ஆனால் கிளப்பில் இலவச பார் இருந்தது.

ஓசி என்கிற நம் சொல்லே கம்பெனிக்காரர்களிடமிருந்து வந்தது என்று சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தபால்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்தினால் தபால் கட்டணம் கிடையாது, அதுவே ஓ.சி., அப்புறம் ஓசி. உண்மையோ கட்டுக்கதையோ, இந்த கிளப்பின் கதையைக் கேட்டபிறகு நம்பலாம் என்று தோன்றுகிறது. ஓசி பார் இருந்தவரை கிளப் செழித்தது. அது கட்டுப்படியாகாமல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்கள் மடமடவென்று குறைந்தார்கள். ஒரு விளையாட்டு கிளப்பின் வீழ்ச்சிக்கு இவ்வளவு பச்சையான காரணம் வேறெங்கும் நான் கண்டதில்லை.

நியாயமாகச் சொன்னால் காரணம் அது மட்டுமில்லை. ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டிருந்த பஃப்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு 1876இல் ஊரை விட்டுப் போனது. கையில் காசிருந்த துரைகள் போலோவுக்குப் போனார்கள், மற்றவர்கள் டென்னிஸுக்கு. வெயில் தன் பங்கைச் செய்தது. ஆனாலும் கதை சொல்கிற யாரும் பாரைத்தான் முதலில் சொல்கிறார்கள். நானும்.

1877 முடியும்போது கிளப்பில் ஆட்கள் இல்லை, ஆனால் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. அந்தக் கணக்கோடு மிஞ்சியிருந்தவர் ஜேம்ஸ் ராத்னி. அவரே கேப்டன், அவரே கௌரவச் செயலர், அவரே பொருளாளர். ஒரு அமைப்பில் இந்த மூன்று பதவியும் ஒரே ஆளிடம் வந்துவிட்டால் அதன் நாள் எண்ணப்படுகிறது என்று நம் ஊர் மன்றங்களில் பழகியவர்களுக்குத் தெரியும். இந்த ராத்னியின் இன்னொரு முகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் எறும்பு, குளவி சேகரித்தவர். பரக்பூர் பூங்காவில் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு அலைந்த மனுஷர். சில எறும்பு இனங்களின் அறிவியல் பெயரில் 'ராத்னியி' என்று இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். உறுப்பினர்கள் பார் மூடியதும் கலைந்துபோக, எறும்பு பார்க்கிறவர் ஒருவர் மட்டும் கணக்கை முடிக்க உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1877 டிசம்பர் 20 அன்று அவர் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளப்பை மூடுகிறோம், மிச்சப் பணத்தில் இந்தியக் கைவேலைப்பாட்டில் ஒரு கோப்பை செய்து தருகிறோம், யூனியனில் உள்ள கிளப்புகள் ஆண்டுதோறும் அதற்காகப் போட்டியிடட்டும் என்பது சாரம். யூனியன் கோப்பைக்குச் சரி என்றது, கிளப்புகளுக்கு இடையே போட்டி என்பதற்குத் தலையாட்டவில்லை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் ஆட்டத்துக்கு அதை வைத்துக்கொண்டார்கள், கல்கத்தா கோப்பை என்ற பேரில். கல்கத்தாவின் முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்தோடு தோள் கொடுத்த அயர்லாந்தும் வேல்ஸும் கோப்பைக் கணக்கில் வரவேயில்லை.

வங்கியிலிருந்து பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே எடுத்தார்கள். 270. அத்தனையும் உலைக்குப் போனது. மூன்று கைப்பிடி, மூன்றும் படமெடுத்த நாகம். மூடியின் உச்சியில் அம்பாரி வைத்த யானை. படத்தில் பார்த்தால் நம் கோயில் வாகனத்தைச் செய்த கைகளுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். செய்த தட்டானின் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

என் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 270 ரூபாய் என்றால் ஏறக்குறைய 3.15 கிலோ. அதில் சுத்த வெள்ளி 2.9 கிலோ போல. அன்றைக்கு வெள்ளிக்குக் கெட்ட காலம். ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறி, பழைய வெள்ளியைச் சந்தையில் கொட்ட, விலை சரிந்துகொண்டிருந்தது. சம்பளத்தை ரூபாயில் வாங்கி ஊருக்குப் பவுனாக அனுப்பிய துரைகள் மாதா மாதம் புலம்பியிருப்பார்கள். மதிப்பு இறங்கிக்கொண்டிருக்கும் காசை யானையும் பாம்புமாக மாற்றியது மோசமான யோசனை இல்லை. இது என் கணக்கு, ராத்னி அப்படி நினைத்தார் என்று சொல்லவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் போடாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

1876 என்பது எங்கள் பக்கத்தில் தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவர்கள் சொல்வது அதைத்தான். மதராஸ் மாகாணத்தில் தொடங்கி 1878 வரை ஓடிய பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்தார்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பஞ்ச வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா காசு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட வராது. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். அந்த டெம்பிள் அதற்குச் சற்று முன்புவரை கல்கத்தாவில் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர். கிளப் நடந்த காலத்தில் பெரும்பகுதி அவர் அங்கேதான் இருந்தார்.

ரூபாய்க்குப் பதினாறு அணா. 270 ரூபாய்க்கு 4320 அணா. பஞ்ச வேலையில் ஓர் ஆளுக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷக் கூலிக் காசு. கோப்பை செய்தவர்கள் பஞ்சத்துக்குப் பொறுப்பில்லை, தெரியும். ரக்பி ஆடியவர்களிடம் போய் அதைக் கேட்பதும் நியாயமில்லை. ஆனால் என் காசிலும் 1876 என்று போட்டிருக்கிறது. அது பாட்டியின் பெட்டிக்கு எந்த வழியாக வந்ததோ. கோப்பையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 4320 நினைவுக்கு வந்துவிடுகிறது.

கோப்பைக்காக முதல் ஆட்டம் 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில். டிரா. மறு வருஷம் மான்செஸ்டரில் இங்கிலாந்து ஜெயித்தது. அப்போதிருந்து, போர்க்காலங்களையும் ஆரம்பத்தில் தகராறால் ஆடாத சில வருஷங்களையும் விட்டுவிட்டால், ஆண்டு தவறாமல் ஆடுகிறார்கள். அடிப்பீடத்தில் ஆண்டு, வென்ற நாடு, இரண்டு கேப்டன்களின் பெயர் என்று தகடு தகடாகப் பதித்திருக்கிறது. ஐந்து வருஷம்கூட முழுசாக வாழாத ஒரு கிளப்பின் பேர் நூற்றைம்பது வருஷத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 1988இல் ஆட்டம் முடிந்த இரவு, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் போதையில் இந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் எடின்பரோ பிரின்சஸ் தெருவில் பந்தாக்கி விளையாடியிருக்கிறார்கள். நசுங்கிப்போய்த் திரும்பி வந்தது. பாரில் தொடங்கிய கோப்பை, வேறெங்கே போகும்?

கிளப் அத்தோடு ஒரேயடியாக மறைந்துவிடவும் இல்லை. 1880களில் மறுபடி தலையெடுத்து, 1965இல் கல்கத்தா கிரிக்கெட் கிளப்போடு இணைந்து இன்றும் பாலிகஞ்சில் இருக்கிறது. நான் சொல்வது அந்த முதல் பிறவியைப் பற்றி.

இதுவரை வந்ததெல்லாம் வெள்ளைக்காரர் கதை. நண்பர் கோப்பைக் கதையைச் சொன்னதே இன்னொன்றைச் சொல்வதற்காகத்தான். குவளையை ஓரத்துக் குப்பையில் வீசி உடைத்துவிட்டு, இரண்டாவது டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

ராத்னி கடிதம் எழுதிய அதே 1877இல், அம்மாவோடு கங்கைக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவன், மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் பந்தாடுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினானாம். பந்து அவன் காலடிக்கு வந்தது. எடுத்துப் பார்த்தான். "உதை" என்று அங்கிருந்து ஒருவர் கத்த, உதைத்தான். பையன் பெயர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. சர்வாதிகாரி என்பது குடும்பப் பெயர், தமிழில் எழுதும்போது கொஞ்சம் உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கால்பந்தின் தகப்பன் என்று வங்காளிகள் கொண்டாடுவது இவரைத்தான்.

ஹேர் பள்ளியில் தோழர்களிடம் காசு வசூலித்து மேன்டன் கடையில் பந்து வாங்கினான். பையன்களும் வளாகத்தில் இறங்கி உதைத்தார்கள். அது இஷ்டத்துக்குத் துள்ளியது. பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து இதைப் பார்த்த ஸ்டாக் என்ற பேராசிரியர் வந்து கேட்டார், என்னப்பா ஆடுகிறீர்கள் என்று. வாங்கியது ரக்பிப் பந்து! அப்புறம் அவரே உருண்டைப் பந்து தந்து ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார் என்பது கதை. அந்தக் கடையில் முட்டைப் பந்து விற்பனைக்கு இருந்ததற்கே நம் ஓசி பார் ஆட்கள் போன்ற வாடிக்கையாளர்கள்தான் காரணமாக இருந்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

பாய்ஸ் கிளப் என்று தொடங்கி நாகேந்திரா அடுத்தடுத்து கிளப் கட்டிக்கொண்டே போனார். 1884இல் கட்டியது வெலிங்டன் கிளப். அந்த வருஷத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்வருஷம் முழுக்க இல்பர்ட் மசோதாவை வைத்துக் கல்கத்தா கொதித்துக்கொண்டிருந்தது. இந்திய நீதிபதி வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்ற மசோதா. கறுப்பன் எங்களை விசாரிப்பதா என்று துரைகள் கூட்டம் போட்டு, வைஸ்ராய் ரிப்பனையே அவமதித்து, கடைசியில் 1884 ஜனவரியில் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் நிறைவேற விட்டார்கள். படித்த வங்காளிகள் வயிறெரிந்து கிடந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கிளப்தான் வெலிங்டன்.

அங்கே மணி தாஸ் என்று ஒரு பையனை நாகேந்திரா சேர்க்க விரும்பினார். நன்றாக ஆடுவான். குயவர் வீட்டுப் பிள்ளை. உறுப்பினர்களில் ஒரு பகுதி கூடாது என்றது.

கல்கத்தாவில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை முறை குயவர் வனைந்த குவளையில் வாய் வைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வங்காளத்துச் சாதி அடுக்கில் குயவர்கள் 'நவசாக்' என்ற வரிசையில் வருகிறவர்கள். பிராமணரும் அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், தீட்டில்லை. தண்ணீர் வாங்கலாம், பந்து வாங்கக் கூடாது! ஷோபாபஜாரை ஒட்டி குமார்ட்டுலி என்ற குயவர் பேட்டை இருக்கிறது. ஒரு புரட்டாசியில் அங்கே போயிருந்தேன். சந்தின் இரண்டு பக்கமும் வைக்கோல் சுற்றிய துர்க்கைகள், தலையில்லாமல், வரிசையாக. ஒரு பெரியவர் ஈரக் களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி அம்மனின் கால்விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரல் முடிந்ததும் நகத்தால் ஒரு கீறல், அது நகம். பத்து விரலுக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அந்தக் காலில்தான் ஊரே போய் விழும்.

உறுப்பினர்களைச் சமாதானப்படுத்தலாம், ஓட்டுக்கு விடலாம், பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு அனுப்பலாம். நாகேந்திரா கிளப்பையே கலைத்தார். அப்போது அவருக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். வைத்தியத்தில் பேர்பெற்ற சூர்ய குமார் சர்வாதிகாரியின் மகன், சொத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத குடும்பம், அதனால் முடிந்தது என்று சொல்லலாம்தான். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். நண்பர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "உன் அப்பாவும் பணக்காரர் என்று வைத்துக்கொள். நீ கலைத்திருப்பாயா?" என்றார். பதில் சொல்லவில்லை. கல்லூரியில் நான் இருந்த கிரிக்கெட் அணியில் இதே மாதிரி ஒரு பேச்சு வந்திருக்கிறது. நாங்கள் யாரும் எதையும் கலைக்கவில்லை. அவன்தான் வராமல் நின்றுகொண்டான், எங்களுக்கு அது வசதியாக இருந்தது. பன்னிரண்டாவது ஆளாகக்கூட அவன் பெயர் அந்த வருஷப் பட்டியலில் இருக்காது.

பிறகு நாகேந்திரா ஷோபாபஜார் கிளப்பைத் தொடங்கினார். அதன் பதிவேட்டில் முதலில் எழுதப்பட்ட உறுப்பினர் பெயர் மணி தாஸ் என்று சொல்வார்கள். 1892இல் டிரேட்ஸ் கோப்பை ஆட்டத்தில் ஷோபாபஜார் கிழக்கு சர்ரே படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தது. ராணுவ அணியை இந்தியர்கள் வீழ்த்தியது ஊரையே உலுக்கிய சேதி. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்காலோடு கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை அதே 2-1இல் வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்ததும், தூரத்தில் நின்ற கூட்டத்துக்குப் பட்டம் விட்டு ஸ்கோர் சொன்னதும் எல்லாரும் அறிந்த கதை, அதை இங்கே நீட்டவில்லை. அதற்குப் பத்தொன்பது வருஷம் முந்தியதுதான் யாருக்கும் ஞாபகமில்லை.

வெலிங்டன் கிளப் விட்டுப்போனது என்று எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. கோப்பை இல்லை, தகடு இல்லை. இந்த ஒரு சண்டை இருந்ததால்தான் பெயராவது மிஞ்சியது.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒரு ஜனவரி மாலையில் வெலிங்டன் சதுக்கத்துக்குப் போனேன். கிளப்புக்கும் சதுக்கத்துக்கும் பெயர் ஒன்று என்பதைத் தவிர என்னிடம் வேறு துப்பு எதுவுமில்லை. இப்போது அது ராஜா சுபோத் மல்லிக் சதுக்கம், ஆனால் பஸ் கண்டக்டர் வெலிங்டன் என்றுதான் கூவினார். ஓரத்தில் வயதான ஒருவரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில், பழைய காலத்து வெலிங்டன் கிளப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குளிர்காலத்தில் அங்கே மலைப்பக்கத்துக்காரர்கள் வந்து நடைபாதை நெடுக கம்பளி விற்பார்கள்.

"ஸ்வெட்டரா? அந்தப் பக்கம் போங்கள். முதல் கடையில் வாங்காதீர்கள்" என்றார்.

மூன்றாவது கடையில் ஒரு மஃப்ளர் வாங்கினேன்.